கிளாக்கர் மாற்றிச் சொன்ன தண்ணீர்

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்தபோது, லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்த ஓடை, துரை பங்களா மாட்டுப்பட்டியைக் கழுவிய தண்ணீரையும் சேர்த்துக்கொண்டுதான் கீழே இறங்கியது. லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். வெளியே சொல்லத்தான் ஆளில்லை.

ஒருநாள் சுகாதார அதிகாரி வந்தார். அவருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கூடவே நின்றார். எங்கள் வீட்டை ஒட்டிய பக்கத்துக் காம்பராக்காரி, வாடிப்போன பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"தண்ணியில சாணி வருதுங்க ஐயா. காய்ச்சினாலும் நாத்தம் போகலைங்க."

கிளாக்கர் அதிகாரியிடம் திரும்பி, தண்ணீரில் குறையில்லை, இவர்களுக்குச் சுத்தமாகச் சமைக்கத் தெரியவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். தான் சொன்னதுதான் போய்ச் சேர்ந்தது என்று நம்பி அவள் தலையாட்டினாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பூண்டுலோயாக் கடைத்தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். வாய் தானாகத் திறந்துகொண்டது. "மாத்தையா, அவள் அப்படிச் சொல்லவில்லை" என்று சிங்களத்திலேயே தொடங்கி, மாட்டுப்பட்டி வரை சொல்லிவிட்டேன்.

கிளாக்கரின் முகம் வெளுத்தது. அதிகாரி என்னை வழிகாட்டச் சொல்லி, சேற்றில் சப்பாத்து புதையப் புதைய ஏறிப்போய்ப் பார்த்தார். இறங்கி வந்து கிளாக்கரிடம், "கண்ணால் கண்டதைத்தான் எழுதுவேன். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால், நீங்கள் மாற்றிச் சொன்னதையும் சேர்த்து எழுதுவேன்" என்றார்.

அதிகாரி கொடுத்த அந்த வாக்கை வீட்டில் சொல்லியும் என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "பத்துச்சீட்டக் குடுத்து, வேலையில்ல, வெளிய போன்னா எங்க போறது?" என்று சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். விடிந்ததும் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றேன். கங்காணி வழக்கம்போல என் பேரையும் கூப்பிட்டார். கிளாக்கர் என் பக்கம் திரும்பவே இல்லை. கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும்போதுதான் மூச்சு சீராக வந்தது.

சில வாரங்களில் மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த ஊற்றிலிருந்து குழாய் போட்டார்கள். முதல் தண்ணீரைப் பக்கத்துக் காம்பராக்காரி கையில் ஏந்தி மோந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் கொடுத்தாள்.

அன்று என் வீட்டுக்காரர் இரண்டு ரொட்டி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஒனக்குச் சிங்களம் தெரியும்னு சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே" என்றேன்.