இடது ஓரத்தில் வெளுத்த சுருட்டு

என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் அம்மாவுக்கு நேர் இளையவள்தான் இந்தச் சின்னம்மா. அவள் வேலை பார்த்த சுருட்டுக் கம்பெனிக்கு நூறு வயதாகிவிட்டதாம், வழவழப்பான தாளில் புத்தகம் போட்டிருக்கிறார்கள். முதலாளியின் தாத்தா சமையலறை மூலையில் உட்கார்ந்து சுருட்டியது, பிறகு ராஜாக்களும் மந்திரிகளும் ஆளனுப்பி வாங்கியது, எல்லாம் இருக்கிறது. சின்னம்மா மட்டும் இல்லை. அதை நான் எழுதிவிடுகிறேன்.

ஒரு சுருட்டு விலைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம், அப்படிப்பட்ட சரக்கு. பெட்டிக்கு இருபத்தைந்து. மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியவேண்டும். இலை என்ன அச்சில் வார்த்ததா? ஒன்று கறுத்திருக்கும், ஒன்று வெளுத்திருக்கும். அதனால் இடது ஓரத்தில் கறுத்ததை வைத்து, மயிரிழை மயிரிழையாக வெளுத்துக்கொண்டே வலது ஓரம் போகவேண்டும். அந்த மேசையில்தான் சின்னம்மாவுக்கு மூன்று மாதம் சோதனை வேலை. சித்தப்பா கால் முறிந்து கிடந்த சமயம். வேலை நிலைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

இதில் ஒரு வில்லங்கம். சின்னம்மா இடதுகைக்காரி. மேசையில் தோளோடு தோள் இடிக்க உட்காருவார்கள். இடது கையை நீட்டினால் பக்கத்து ஆள்மேல் முட்டும், சுருட்டு விழுந்து இலை விரியும். அதனால் இடதுகைக்காரர்களைச் சேர்ப்பதே இல்லை. சின்னம்மா வாயைத் திறக்காமல் ஒரு மாதம் வலது கையாலேயே சமாளித்தாள்.

ஒருநாள் இடப்பக்கத்துக்காரி காய்ச்சலென்று வரவில்லை. மேஸ்திரியும் லீவு. கை தானாக நீண்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் நாற்பது பெட்டி. மறுநாள் மேஸ்திரி மிச்சமிருந்த ஒன்றைத் திறந்தார்.

“யாரம்மா இது? கண்ணாடியில பார்த்து அடுக்கினியா? வெளுத்தது இடது பக்கம் இருக்கு!”

“நான்தான் மேஸ்திரி. கை மாறிப்போச்சு.”

“மத்ததெல்லாம் கப்பல் ஏறியாச்சு. வாங்கினவன் கடுதாசி போடட்டும், அன்னிக்கே நீ வீட்டுக்குப் போகலாம்.”

ஐந்து வாரம் தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். கடுதாசி வந்தது. முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“இந்தத் தடவை சரக்கு ரொம்ப மென்மையா இருக்காம். இனிமே அதையே அனுப்பணுமாம். எந்த இலை மேஸ்திரி அது?”

மேஸ்திரி மீசையைத் தடவினார். “அது வந்து முதலாளி... நல்ல பக்குவமான இலைங்க.”

சும்மா இருந்திருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் அடுத்த தடவையும் கேட்பார்களே, இல்லாத இலைக்கு எங்கே போவது?

“இலை அதே இலைதாங்க. நான் இடதுகைக்காரி, மாத்தி அடுக்கிட்டேன். எல்லாரும் இடது ஓரத்துலேருந்துதானே எடுப்பாங்க? வெளுத்தது முதல்ல வாய்க்குப் போயிருக்கு, வெளுப்பைப் பார்த்து மென்மைன்னு நினைச்சிருக்காங்க. அவ்வளவுதான்.”

முதலாளி நம்பவில்லை. இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி இழுத்தார். “இதோ, இதுதான் மென்மை!”

“அது கறுத்ததுங்க,” என்றாள் சின்னம்மா.

மேசையே சிரித்தது. முதலாளியும் இருமிக்கொண்டே சிரித்துவிட்டார். “சரி, கேக்குறவனுக்கு இப்படியே அடுக்கு.”

“கை இடிக்குமே முதலாளி,” என்றார் மேஸ்திரி.

“இடது கோடியில உட்கார வை. சுவரு வந்து சண்டைக்கா நிக்கப்போகுது?”

அறுபது வருஷமாக ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை! அந்தக் கோடியில் சின்னம்மா முப்பத்தோரு வருஷம் இருந்தாள். மாற்றி அடுக்கிய பெட்டிக்குத் தனிப் பெயர், தங்கத்தாள், கூடுதல் விலை எல்லாம் வந்தன.

சின்னம்மா கோடிக்கு மாறி ஒரு வாரம் இருக்கும். மேஸ்திரி அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“என் மருமகளும் இந்தக் கைதாம்மா. வெளியில சொல்லாம வெச்சிருக்கோம்.”

“இதுல என்ன ரகசியம்? கூட்டிட்டு வாங்க. அடுத்த மேசையிலயும் ஒரு கோடி இருக்குல்ல!”