மூன்று விரல் மான்

செருப்புக் காலோடுதான் முத்திரைக்காரர் சிலையின் முன்னால் குந்துவார். கைக்கெட்டும் இடத்தில் நான்கு சிற்றுளிகள், தலை தேய்ந்த சுத்தியல், ஒரு ஈரத்துணி. பளிங்கு முகத்தை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, நீங்க யாருன்னு சொல்லிடறேன்" என்பார்.

"சாமி முன்னாடி செருப்பா?" மெருகு போடும் அக்கா தினமும் வம்புக்கு இழுப்பார்.

"இப்போதைக்குக் கல்லுதான்க்கா. யாருன்னு தெரிஞ்சதும் கழட்டிடுவேன்ல?"

கர்வம்தான், ஆனால் பொய்யில்லை. சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் இருபத்து நான்கு பேர். தாமே தெளிவடைந்து, மற்றவர்களும் கரையேற வழி காட்டிய ஆசான்கள். பாம்புப் படத்தைக் குடையாகக் கொண்டவர் போல இரண்டொருவரைத் தவிர, சிலையில் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே அமர்வு, மடியில் அதே கைகள். பீடத்தின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்குச் செதுக்கும் சின்னம்தான் இன்னார் என்று சொல்லும். காளை என்றால் முதலாமவர். சிங்கம் என்றால் கடைசியாக வந்தவர். பட்டறையில் உடல் செதுக்க ஆறு பேர் இருக்கிறார்கள். சின்னத்துக்கு இவர் ஒருவர்தான். அதனால்தான் முத்திரைக்காரர் என்ற பட்டப்பெயர்.

பொட்டலம் கட்டி வந்த தாளில் குதிரைப் படம் இருந்தால் போதும், கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். யானைக்கு மகளின் பாடப்புத்தகம். "குரங்குக்கு மட்டும் படம் வேண்டாம். மச்சான் வந்தா உக்காரவெச்சுப் பாத்துக்குவேன்."

போன வாரம் கை அவரை ஏமாற்றிவிட்டது. செதுக்க வேண்டியது பதினாறாமவரான சாந்திநாதரின் மான். அதற்கு முந்தைய மாதம் பதினேழாமவரின் மூன்று சிலைகளுக்கு, அவருடைய சின்னமான ஆட்டைச் செதுக்கியிருந்தார். பழக்கதோஷம், கிளைவிட வேண்டிய கொம்பு பின்னுக்கு வளைந்தது. தாடையில் தாடியும் முளைத்தது. ஈரத்துணியால் தூசியைத் துடைத்தபோது பீடத்திலிருந்து ஓர் ஆடு அவரை முறைத்தது.

மறுநாள் மாலை சிலை வண்டியேற வேண்டும். ஒரே தெருவின் பன்னிரண்டு குடும்பங்கள் இரண்டு ஆண்டாகக் கட்டிய சின்னஞ்சிறு கோயில் அதற்காகக் காத்திருந்தது. புதுக் கல், புதுச் சிலை என்றால் இன்னும் நான்கு மாதம்.

முதலாளி குனிந்து பார்த்தார். "நாலு காலு இருக்குல்ல? யாருப்பா உத்துப் பாக்கப் போறா?"

"கும்பிடக் குனிஞ்சா முதல்ல கண்ணுல படறதே இதுதாண்ணே. ஒருத்தர் பேரைச் சொல்லி இன்னொருத்தர் முன்னாடி அவங்களை நிக்கவைக்கச் சொல்றீங்களா?"

முத்திரைக்காரரே போன் செய்தார். கோயிலுக்காகச் சிலை சொல்லியிருந்த நர்ஸம்மா, பணி உடுப்பை மாற்றாமல் நேரே வந்து நின்றார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. உங்க சாமிக்குக் கோவம் வருமா?"

"அவர் கோவிக்கவும் மாட்டார், வரம் கொடுக்கவும் மாட்டார். அதையெல்லாம் தாண்டிப் போனவர்ண்ணே. அவர்கிட்ட நாங்க எதுவும் கேக்கறதில்ல. அவர் போன வழியில ஒரு அடியாவது வைக்கணும்னுதான் கும்பிடறோம்." பீடத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ஆனா ஆடு இருந்தா எடுத்துட்டுப் போக முடியாதே. வாசல் கல்லுல சாந்திநாதர்னு பேரு வெட்டியாச்சு. குழந்தைங்க நாள் எண்ணிட்டு இருக்குது."

"நாளைக்கு மதியம் வரைக்கும் விடுங்கம்மா."

அவர் போனபிறகு முத்திரைக்காரர் உளியைத் தொடவே இல்லை. ஆட்டின் தலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முகம் ஒரு மேடு, கொம்பு ஒரு மேடு. திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, மான் திரும்பிப் பாத்தா?"

"எதை?"

"தன் முதுகை!"

ஆட்டின் கொம்பு வளைந்து நின்ற மேட்டில் மானின் முகம். ஆட்டின் முகம் நின்ற மேட்டில் மானின் கொம்புக் கிளைகள். கழுத்தைத் திருப்பிவிட்டால், இருக்கிற கல்லே மட்டுமட்டாகப் போதும். கரித்துண்டால் கோடு போட்டுப் படமெடுத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: "எந்தப் பக்கம் பாத்தா என்னண்ணே, மான்தானே!"

மறுநாள் மதியம் நர்ஸம்மா காலணியை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். அடிமேல் அடியாக வந்துகொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. ஈரத்துணி ஒருமுறை போய்வந்தது. மெருகு அக்கா தேய்ப்பதை நிறுத்தினார்.

"முடிஞ்சுதாண்ணே?"

முத்திரைக்காரர் எழுந்தார். குனிந்து, இடக்கால் செருப்பைக் கழற்றினார். பிறகு வலக்கால் செருப்பை. இரண்டையும் ஒரு கையில் பிடித்தபடி, சிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்து, வாசலுக்கு வெளியே, நர்ஸம்மாவின் காலணிக்குப் பக்கத்தில் வைத்தார்.