அற்புதத்துக்கு விழுந்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு புது வீட்டு மந்திரிப்பு. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். வாசலில் சாமியானா, பின்பக்கம் பிரியாணி. சாப்பிட்டுக் கைகழுவ வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பைசா செலவில்லாம வந்த வீடாமே?"

"குலுக்கல்ல வுழுந்துச்சாம்யா!"

அந்த வீடு வந்த கதை முழுவதும் எனக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவன். பைசா செலவில்லாமலா...? உட்காருங்கள், சொல்கிறேன்.

அற்புதம் எனக்கு ரயில் சிநேகம். எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. அவருக்கும் அப்படியே. காலை பாசஞ்சரில் ஒரே பெட்டி. திண்டிவனத்தில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை அவருக்கு. கணவர் அந்தோணி கொத்தனார். எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், குடியிருப்பது வாடகைக்கு. பக்கத்து போர்ஷனிலேயே தங்கை ஸ்டெல்லா. அவர் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். ஒரே வாசல், ஒரே குழாய். அக்கா வைத்த குழம்பு தங்கை வீட்டில், தங்கை சுட்ட தோசை அக்கா வீட்டில் என்று போய்க்கொண்டிருந்த குடும்பம்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அக்காவும் தங்கையும் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு புடவை. தனித்தனியாக பில் போட்டால் பரிசுக் குலுக்கல் கூப்பன் கிடையாது, சேர்த்துப் போட்டால் உண்டு என்றார் பில் போடுகிற பெண். சேர்த்தே போட்டார்கள். கூப்பனில் அற்புதத்தின் பேரையும் போன் நம்பரையும் ஸ்டெல்லாதான் எழுதினார். பெட்டியில் போட்டார்கள். மறந்தார்கள்.

பிறகு ஒரு நாள், ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டும்போது போன் வந்தது. அற்புதம் கட் செய்தார். மறுபடி வந்தது. மறுபடி கட்.

"யார்மா?"

"எவனோ சார். வீடு வுழுந்திருக்குதாம் எனக்கு. அடுத்தாப்ல ஓடிபி கேப்பான்."

அடுத்த முறை நான் வாங்கிப் பேசினேன். ஜவுளிக்கடை மேனேஜர்தான். உண்மைதான். முதல் பரிசு — மயிலம் ரோட்டுப் பக்கம் புது மனைப்பிரிவில் இரண்டு பெட்ரூம் வீடு!

நான் சொன்னதும் பெட்டியே எழுந்து நின்றது. சுண்டல் விற்பவர் ஆளுக்கொரு பொட்டலம் சும்மா கொடுத்தார். அற்புதம் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கையில் இருந்த டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கா சார்... எனக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே வீட்டைப் பார்க்கப் போனோம். அற்புதம், அந்தோணி, நான். ஸ்டெல்லாவுக்கு அன்று அவசரத் தையல் இருப்பதாகச் சொன்னார்கள்.

கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார் அற்புதம். "உள்ள வரைக்கும் போட்டுக்கினு வரலாம்மா" என்றார் மேனேஜர். கேட்கவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். அதில் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தோணி ஹாலில் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பூச்சு வேலையைப் பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கு வேலை?"

"அதெல்லாம் பாக்கல சார். சாந்துச் சட்டி இல்லாம இப்பதான் ஒரு புது வீட்டுக்குள்ள வர்றேன்."

அதிர்ஷ்டம் என்ற சொல்லை என் கதைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது எதிரில் வந்து நின்றால் இப்படித்தான் இருக்கும் போல... சத்தமே இல்லாமல்.

வெளியே வந்ததும் மேனேஜர் மெதுவாக இருமினார். "சாவி தர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்மா."

இந்தச் 'சின்ன விஷயம்' என்று யாராவது ஆரம்பித்தால் அது சின்னதாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பரிசுக்கு வரி உண்டு. பணமாகக் கொடுத்தால் அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் எதைப் பிடிப்பது? அதனால் வரியை முதலில் கட்ட வேண்டும், அப்புறம்தான் சாவி. வீட்டு மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பத்திரச் செலவு தனி. எல்லாம் கூப்பனுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். கூப்பனைத் திருப்பிப் பார்ப்பவர்கள் யாராவது உண்டா?

வீட்டை விற்றுக் கட்டலாமே என்பீர்கள். பதிவு ஆனால்தானே விற்க முடியும்! வரி கட்டினால்தானே பதிவு!

இது கணக்கில் வரும் செலவு. கணக்கில் வராத செலவு ஒன்று திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் முளைத்தது — ஃப்ளெக்ஸ்.

வீட்டைப் பார்த்த அன்று எடுத்த போட்டோ. மாடி உயரத்துக்கு அற்புதம் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் அதிர்ஷ்டசாலி!' பஸ்ஸில் போகிறவர், பைக்கில் போகிறவர் எல்லாருக்கும் அந்த முகம் மனப்பாடம்.

அதிலிருந்து பிடித்தது பேஜாரு. மீன்காரம்மா பேரம் பேச விடவில்லை: "வீடே ஜெயிச்சவ, எங்கிட்ட அஞ்சு ரூபாய்க்கு நிக்கிறியா?" மாதா கோயிலில் பக்கத்தில் உட்காருபவர்கள் கைமாற்று கேட்டார்கள். இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெயர் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்து, பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், வரியும் நானே கட்டுகிறேன் என்று ஜல்தி பண்ணினார். வாடகை வீட்டுக்காரர், "ஒங்களுக்குத்தான் சொந்த வீடு வந்துடுச்சே. என் மச்சானுக்கு வீடு வேணும், காலி பண்ணிக் குடுங்க" என்று கெடு வைத்துவிட்டார். காலி செய்து எங்கே போவது? கிடைத்த வீட்டுக்குள் போக முடியாது, இருந்த வீட்டில் இருக்க முடியாது.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்குவார். பள்ளியில் ஒரு வாண்டு கேட்டதாம்: "ஆயா, போட்டோல சிரிக்கிறது உங்க அக்காவா?"

"நான் சிரிச்சி அவ்ளோ நாளாச்சு சார். அதான் புள்ளைக்கு வேற ஆளாட்டம் தெரியுது" என்றார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவே பல வாரம் ஆயிற்று. ஸ்டெல்லா பேசுவதில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை தப்பாக வரவில்லை. வீடு விழுந்த செய்தி கேட்டு அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதவர்தான். அப்புறம் ஒரு நாள், குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே, "அந்த பில்லுல என் பொடவையும் இருந்துச்சில்ல?" என்று மட்டும் கேட்டாராம். அற்புதம் பதில் சொல்வதற்குள் குடம் நிறைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், அவ்வளவுதான். குழம்புக் கிண்ணம் வருவது நின்றது. தையல் மெஷின் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் ஆபீஸுக்கே வந்துவிட்டார் அற்புதம். "சார், கடை வரைக்கும் கூட வர்றீங்களா? எழுதிக் குடுக்கணும்னா எனக்குத் தெரியாது."

கூட வந்த அந்தோணி கடை வாசலில் நின்றுகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். முதலாளி அமைதியான மனிதர். உட்காரச் சொன்னார், ஜூஸ் வரவழைத்தார். அற்புதம் உட்காரவில்லை.

"மொதலாளி, வீடு எனக்கு வேணாங்க. எழுதிக் குடுத்துடறேன்."

அவர் திகைத்துப்போனார். "ஏம்மா? ஊரே பொறாமைப்படுது..."

"அதாங்க. மேம்பாலத்தாண்ட என் போட்டோ இருக்குதே, அத்த எறக்கிடுங்க."

"போட்டோவையா?"

"எம் மூஞ்சிங்க அது. உள்ளயே போவ முடியாத வீட்டுக்கு ஊர் நடுவுல சிரிச்சிக்கினு நிக்கிறேன். அத்தப் பாத்துட்டு தினிக்கும் யாருனா வந்து நிக்கிறாங்க. என் தங்கச்சி கூட எங்கிட்ட பேசறதில்ல. வீட்ட நீங்க வச்சிக்கோங்க. எம் மூஞ்சிய எனக்குக் குடுத்துடுங்க."

கோபமில்லை, அழுகையில்லை. மறந்து வைத்த குடையைத் திருப்பிக் கேட்பது போலக் கேட்டார்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். பண்டிகை சீசன். ஃப்ளெக்ஸை இறக்கினால் ஏன் என்று ஊர் கேட்கும். ஜெயித்தவளே வேண்டாம் என்று போய்விட்டாளாம் என்ற பேச்சு கடையை என்ன செய்யும்? அவர் மனதில் ஓடியது அதுதானா, இல்லை உண்மையாகவே மனசு இளகியதா... எனக்கு இன்றுவரை தெரியாது. ஜூஸ் டம்ளரை அற்புதத்தின் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"வரிய நாங்க கட்டிடறோம்மா. பத்திரச் செலவ மட்டும் பாத்துக்கோங்க. போட்டோவையும் நாளைக்கே எறக்கச் சொல்றேன்."

பெரிய வக்கீல் வைத்துப் பேசினாலும் கிடைத்திருக்குமா இது? ஆனால் அற்புதம் பேரமே பேசவில்லையே! நிஜமாகவே முகத்தைத்தான் கேட்டார்.

"பத்திரம் ஒங்க பேர்லதானே?" என்றார் மேனேஜர், குறித்துக்கொள்ளத் தயாராக.

"ரெண்டு பேரு எழுதணுங்க. அற்புதம், ஸ்டெல்லா."

நான் அவர் பக்கம் குனிந்தேன். "அற்புதம்மா, கூப்பன் உங்க பேர்ல இருக்கு. சட்டப்படி முழுசும் உங்களுது. வீட்ல கலந்து பேசிட்டு..."

"தெரியும் சார். என் பொடவைக்கு மட்டும் பில்லு போட்டிருந்தா கூப்பனே வந்திருக்காது. அவ பாதி குடுன்னு வாயத் தொறந்து கேக்கல. கேக்காதவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

"அப்போ இதை முன்னாடியே ஸ்டெல்லாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கைக்கே வராத வீட்டுல பாதி தர்றேன்னு சொல்றது இன்னா பெருமை சார்? வந்தப்பறம் சொல்லணும்."

அந்த இடத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தேன். தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிற பெண்மணிதான். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்ப்பது போல இருந்தது.

இன்னும் ஒரு கண்டம் இருந்தது. அந்தோணி! புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாதி வீட்டைக் கொடுத்தாயிற்றே? வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் அற்புதம் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் டம்ளரை டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார். பீடி பற்ற வைத்தார்.

"அப்போ ரெண்டு சமையக்கட்டு வேணுமே..." என்றார் கடைசியாக. "பின்னாடி எடம் இருக்குது. கல்லு மண்ணு மட்டும் வாங்குனா போதும், நானே எழுப்பிடறேன்."

இவ்வளவுதான் அந்த மனிதர் பேசியது. நீங்களாக இருந்தால் என்ன பேசியிருப்பீர்கள்? நானாக இருந்தால்...? சரி, அதை விடுங்கள்.

அன்று சாயங்காலம் அக்கா போய்த் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். மறுநாள் ரயிலில், என்ன ஆயிற்று என்று ஆவலோடு கேட்டேன்.

"அழுதாங்களா?"

"அவளா? மெஷின நிறுத்திட்டு மொறைச்சிப் பாத்தா. 'இத்தினி நாளா எங்கிட்ட ஏன்டி பேசல?'ன்னு கேட்டா. நான் பேசலையாம் சார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், ஃப்ளெக்ஸில் இருந்ததை விட நன்றாக இருந்தது.

பத்திரச் செலவை இரண்டு குடும்பமும் பகிர்ந்துகொண்டன. அந்தோணி சொன்னபடியே பின்பக்கம் சமையல்கட்டு எழும்பியது. தங்கை புருஷனின் வேனில்தான் செங்கல் வந்து இறங்கியது. எல்லாம் முடிந்துதான் போன ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார்.

அதிர்ஷ்டம் யாருக்கு வேண்டுமானாலும் அடிக்கலாம். அடி வாங்கிக்கொண்டு நேராக நிற்பதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். அதைத் திண்டிவனத்தில் பார்த்துவிட்டு வந்தேன்.

விடைபெறப் போனபோது ஹாலில் பலத்த சத்தம். தையல் மெஷினை ஜன்னல் பக்கம்தான் போடுவேன் என்கிறார் ஸ்டெல்லா. "ஹால் பூரா நூலும் துணியுமா கெடக்கும், ஒன் ரூம்ல போடுடி" என்கிறார் அற்புதம். இருட்டில் எப்படித் தைப்பது, லைட்டைப் போட்டுத் தை, கரண்ட் பில்லை யார் கட்டுவது...

அந்தோணி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "காலைலேர்ந்து இப்பிடித்தான் சார் அடிச்சிக்கினு இருக்காளுங்க."

அடித்துக்கொள்ளட்டும் அந்தோணி. பேசாமல் இருப்பதற்குத்தான் செலவு அதிகம்!