மணிக்கட்டில் தட்டிய சத்தம்

டபடபா மாமா,

சின்னப் பிள்ளையில் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். பூலாம்பாடியில் எங்கள் தெருமுனைக்கு வந்து ஆக்சிலேட்டரை விட்டதும் உங்கள் மோட்டார் சைக்கிள் டபடபவென்று வெடிக்கும். கோழியெல்லாம் பறக்கும். கட்டிக்கொண்ட பிறகு வெறும் மாமா ஆகிவிட்டீர்கள்.

நீங்கள் இறந்துபோன செய்தியும் அதே சத்தத்தோடுதான் வந்தது. போன் உள்ள வீடு எங்கள் பெரம்பலூர்த் தெருவில் இல்லை. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேட்டி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே உங்களுக்குத் துணையாக நான் விட்டுவந்த கீழப்பழுவூர் வாத்தியாரின் வண்டி, வளைவில் வேகம் குறைந்து டப், டப் என்றது. காய்ந்த சத்தம். சைலன்சர் ஜாயிண்ட் மறுபடியும் விட்டுப்போச்சு, மாமாகிட்ட சொல்லணும் என்று நினைத்தேன். என் விரல் வேட்டியின் மேல் இரண்டு தட்டு தட்டிவிட்டது. வாத்தியார் வண்டியை விட்டு இறங்காமலே அழுதார்.

எங்கள் பட்டறையில் வண்டி விட்டவர்களுக்கு இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிச் சத்தத்தை மாமா ஒருநாளும் கேட்டதில்லை.

கல்யாணமான மறுவருடம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டப் போனவருக்குப் பக்கத்திலேயே வெடி வெடித்து இரண்டு காதும் போய்விட்டன. அதன் பிறகுதான் இந்தப் பட்டறையைப் போட்டார். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லுவார். கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காதே கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? அதனால்தான் நீங்கள் வண்டியை முறுக்கிக் காட்டும்போதெல்லாம் நான் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றேன். சொம்பைக் கொடுக்கும் சாக்கில் அவர் மணிக்கட்டில் சொல்லிவிடுவேன். டப் டப் என்றால் இரண்டு தட்டு. குடுகுடு என்றால் விரலால் ஒரு வட்டம்.

வாத்தியாரின் மீசைதான் மாமாவுக்குப் பெரிய தொல்லை. உதடே தெரியாது.

“சார், மீசையைக் கொஞ்சம் கத்தரிங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பயந்துடப் போவுது.”

“யோவ், நீ வண்டியைப் பாருய்யா. மீசையை என் பொண்டாட்டி பாத்துக்குவா.”

“அப்ப சரி சார், நாளைக்கே செஞ்சுடலாம்” என்றார் இவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஒரே ஒருமுறை தப்பாகச் சொல்லிவிட்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில், வாத்தியார் வண்டி டப் டப் என்றதற்கு வட்டம் போட்டேன். ஒன்றுமில்லை என்று வண்டியை அனுப்பிவிட்டார். மறுநாள் வாத்தியார், ஆண்டிமடம் ரோட்டில் கழன்று விழுந்த சைலன்சரைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஊரே அலற வந்து சேர்ந்தார். நான் அடுப்படியில் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அழுவாத புள்ள. உன் காது மேல குத்தமில்ல, நான்தான் வெவரமா சொல்லல. அடுப்புல அடைஞ்ச புகை, ஊதுகுழல்ல ஊதுனா குப்புனு பத்திக்குதுல்ல? அதேதான். ஆக்சிலேட்டரை விட்டா எஞ்சின்ல பெட்ரோல் ஒழுங்கா எரியாது. மிச்சம் சூடான சைலன்சருக்குள்ள போயி எரியும். கொஞ்சமா எரிஞ்சா குடுகுடுங்கும். லூசான ஜாயிண்ட் வழியா வெளிக்காத்து பூந்தா டப்பு டப்புனு வெடிக்கும். குடுகுடுன்னா வண்டி பேசுது, விட்டுடு. டப்புனா காத்து பூருது, தேடணும்.”

அதற்குப் பிறகு நான் தவறவே இல்லை.

அரியலூருக்கு வேலையாகப் போன இடத்தில் மூச்சுத் திணறிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “உள்ள என்னமோ அதிருது. என்ன சத்தம் புள்ள?” என்று கேட்டார். காதை வைத்துக் கேட்டேன். மெதுவாக, ஈரமாக, குடுகுடு என்றது. மணிக்கட்டில் வட்டம் போட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பேசுது. விட்டுடு. நீ வூட்டுக்குப் போயி வேட்டி எடுத்துட்டு வா.”

நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்பேனர்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் காது மட்டும் என்னிடம் இருக்கிறது. ரோட்டில் ஏதாவது ஒரு வண்டி வேகம் குறைத்தால் போதும், விரல் தானாக எழும்புகிறது. தட்டுவதற்குக் கை இல்லை.

மாமா, அன்றைக்கு நான் போட்ட வட்டம் தப்பா? இல்லை, என் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டுதான் ‘விட்டுடு’ என்று சொல்லி என்னை அனுப்பினீர்களா?