அத்தான் ஆடிய கோல்ஃப்

இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. அதற்குள் அந்த வெள்ளைப் பந்து புகுந்து வெளியேறி, வெயில் விழுந்த புல்லின் மேல் உருண்டு நின்றது. அத்தான் மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவைக் கட்டிய இருபது வருடங்களில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, கொடைக்கானலில் ஒரு மே மாதம். அத்தானுக்கு சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. நான் அதில் மேனேஜர். எங்களிடம் சரக்கெடுக்கும் மும்பை வியாபாரி ஒருவர் ஆண்டுதோறும் கோடையில் அங்கே வந்து தங்கி கோல்ஃப் ஆடுவார். ஆர்டர் பேசப் போன அத்தானின் கையில் அவர்தான் முதலில் மட்டையைக் கொடுத்தார். எல்லோரும் வேடிக்கையாக நினைத்தோம். ஆனால் மூன்றே கோடையில் அத்தான் அவருக்கு ஈடாக ஆடினார்.

குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவர் ஜெயிக்கும் ஆட்டம் அது. பந்து மரங்களுக்குள் போய்விட்டால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி வெட்டவெளிக்குக் கொண்டுவரலாம். ஓர் அடி நட்டம். அல்லது கிடைத்த சந்தில் குழியைப் பார்த்து ஓங்கி அடிக்கலாம். மும்பைக்காரர் எப்போதும் தட்டித்தான் எடுப்பார். அன்று அத்தானைப் பாராட்டிவிட்டு, இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். மலையிறங்கும்போது காரில் அத்தான் சொன்னார்: “அவரு பயந்தவரு மாப்ள. சந்து தெரியுதுன்னா அடிச்சிற வேண்டியதுதான். யாவாரமும் அம்புட்டுத்தான்.”

அந்தப் பந்து மரத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் பல முறை நினைத்திருக்கிறேன். அது போய்விட்டதுதான் வினை. அதற்குப் பிறகு அத்தான் எதிலும் சந்தைத்தான் பார்த்தார். மற்ற கம்பெனிகள் தயங்கிய ஆர்டர்களை வாங்கினார். கம்பெனியில் புதுக் கட்டடம் முடியும் முன்பே சரக்குக்கு வாக்குக் கொடுத்தார். இரண்டு சீசன் எல்லாம் கைகூடியது. சிவகாசியில் அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது சீசனில், புரட்டாசிக் கடைசியில், ஒரு மழை அடித்தது. வெடிமருந்து அறையின் கூரை ஒழுகி, கலந்து வைத்திருந்த மருந்து ஈரமாகிவிட்டது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் இறங்கினால் அது தனக்குத் தானே சூடேறும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை நல்ல வெயில். மும்பைக்கு இரண்டு நாளில் கடைசி லோடு ஏற வேண்டும்.

எங்கள் போர்மேன் விஸ்வநத்தத்துக்காரர். அப்பா காலம் வரை கரிசல் காட்டில் கூலி வேலை. இவர் தலைமுறையில்தான் பட்டாசுக்கு வந்தார்கள். அதிர்ந்து பேசமாட்டார். அன்று வாசலிலேயே நின்றார்.

“மொதலாளி, இது நனைஞ்ச மருந்து. அழிச்சிருவோம். புதுசா கலக்க ரெண்டு நாளு போதும்.”

“ரெண்டு நாளுக்கு எங்கன போக? வெயிலு நல்லா அடிக்குதுல்ல, காயப்போடுற மேடையில பரப்புங்க. மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்” என்றார் அத்தான்.

போர்மேன் அசையவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து ஒரு ‘வேண்டாம்’ வந்திருந்தால் நின்றிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். நான் சொன்னது இதுதான்: “பாத்துச் செய்யச் சொல்லுங்க அத்தான்.”

பதினொன்றரை இருக்கும். பக்கத்து அறைகளில் திரி வைத்துக்கொண்டிருந்த பெண்களைப் போர்மேன் சாப்பிடப் போகச் சொன்னார். “இன்னும் நேரமாகலையேண்ணே” என்றார்களாம். “போங்கத்தா, இன்னைக்கு முன்னக்கூட்டியே சாப்பிடுங்க” என்று வேலிக்கு அப்பால் இருந்த வேப்பமரம் வரை அனுப்பிவிட்டு, மருந்தைக் கிளறிவிடத் தனியாக மேடைக்குப் போயிருக்கிறார். அந்தப் பெண்கள் தூக்குவாளியைத் திறப்பதற்குள் வெடித்துவிட்டது.

அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது உயிர் இருந்தது. என் சட்டையைப் பிடித்து, “புள்ளைக சாப்பிட்டுச்சுகளா?” என்று கேட்டார். சாப்பிட்டார்கள் என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விருதுநகர் தாண்டும் முன்பே அடங்கிவிட்டார்.

வழக்கு நடந்தது, அத்தானுக்குத் தண்டனையும் வந்தது. கம்பெனியை மூடினோம். மும்பைக்காரர் அடுத்த கோடைக்குக் கூப்பிட்டபோது அத்தான் போகவில்லை. கடைசி வருடங்களில் அவர் அதிகம் பேசியதும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அங்கன ஆட்டத்துல தப்புனா எனக்குத்தானே மாப்ள ஒரு அடி போகும். இங்கனயும் அப்படித்தான்னு நெனைச்சுட்டேன்.” வியாபாரத்தில் ரிஸ்க் எடுக்க வேண்டும் என்று யார் மேடையேறிப் பேசினாலும் அந்த ஈரக்கை என் கண்முன் வந்துவிடுகிறது. அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது.

போன மாதம் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் போர்மேனின் மனைவியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, “சொகமா இருக்கீகளா? அக்கா எப்படி இருக்காக?” என்று விசாரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னு சொன்னாகளாமே. நெசந்தானா?”

“நெசந்தான்மா. சொன்னாரு.”

“நீங்க அங்கன இருந்தீகளோ?”

“இருந்தேன்.”

“நீங்க என்ன சொன்னீக?”

கோர்ட்டில்கூட யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பாத்துச் செய்யச் சொன்னேன் என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவுக எப்பவும் பாத்துத்தான்யா செய்வாக” என்றார். சிவகாசி பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். நானும் அதில்தான் போக வேண்டியிருந்தது. ஏறவில்லை.