கூரையால் இறங்க வேண்டியவர்

ரோம் நகரத்தை நான் கண்டதில்லை. காணவும் ஆசையில்லை. ஆனால் அந்தக் காலத்து ரோமர்கள் செத்தவர்களுக்கு என்ன படைத்தார்கள், எந்த மாதத்தில் படைத்தார்கள் என்று கேட்டால் பிழையில்லாமல் சொல்வேன். அதை எல்லாம் அடித்தவள் நான்தான்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின் புத்தளம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். கடைக்காரர் முஸ்லிம். எல்லாரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் என்றொரு பாடம் இருக்கிறது. அதை ரியூசனில் படிப்பித்த சேர் குறிப்புகளைக் கையால் எழுதித் தருவார். நான் கணினியில் அடிப்பேன். தில்லையடியில் இருந்தும் கனமூலையில் இருந்தும் பிள்ளைகள் வந்து வாங்கிப் போவார்கள்.

முதல் முதல் அடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரோமர்களின் வீட்டில் அடுப்படிக்குக் கிட்டக் காவல் தெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம். சாப்பாட்டில் ஒரு பங்கு அதற்கு. நிலத்தில் விழுந்த சாப்பாட்டை எடுத்துத் தின்னக்கூடாது, அது செத்தவர்களுடையது. மாசி மாதத்தில் ஒன்பது நாள் கோயில்களைப் பூட்டிவிட்டு, கலியாணம் காட்சி ஒன்றும் வைக்காமல், ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைகளுக்குப் போவார்கள். கொண்டுபோவது கொஞ்சம் தானியம், வைனில் நனைத்த பாண் ரொட்டி, பூ, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு என்று அடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். உப்பு மூட்டை ஏற்றிய லொறி கடை வாசலால் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவுதானா உங்கள் பெரிய நாகரிகம், இதை எங்கள் சனமும் செய்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் மட்டும் செய்வதில்லை. வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் என் கணவரின் தாய். வன்னியில் இருந்து மூவருமாகத்தான் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்தோம். பிறகு தன் தமையனைக் கூட்டிவருகிறேன் என்று இவர் திரும்பிப் போனார். பாதை பூட்டுப்பட்டது. சண்டை முடிந்தது. தமையனும் வரவில்லை, இவரும் வரவில்லை. கண்டதாகச் சொன்னவர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து மாமி காகத்துக்குச் சோறு வைப்பதில்லை. மாமாவின் திவசத்துக்கும் வைப்பதில்லை. சமைத்து, படைத்து, நாங்களே சாப்பிட்டுவிடுவோம். காகம் முற்றத்தில் இறங்கினால் கூட்டுகிற தும்புத்தடியோடு துரத்திக்கொண்டு ஓடுவா.

"மாமாவுக்குப் பசிக்காதோ மாமி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பசிச்சாப் பசிக்கட்டும். சோத்தை வைச்சா ஆர் வந்து தின்னுறது எண்டு எனக்கென்னண்டு தெரியும்? ரெண்டு காகம் சேந்து வந்தா நீ என்னடி செய்வாய்?"

தன் பிள்ளைகள் செத்தவர்களோடு சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு பரம்பரையையே பட்டினி போட்டா மாமி.

அந்த நேரத்தில்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கல்வீடு வந்தது. சுவர் எழும்பி, கூரை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. காணிப் பத்திரம் இவருடைய பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்றாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போகும் என்றார்கள். மாற்றுவதற்கு இவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். நான் எட்டு மாதம் மாட்டேன் என்றேன். ஒன்பதாம் மாதம், மாமிக்குச் சொல்லாமல், ஒரு காலை போய்க் கையெழுத்து வைத்தேன்.

அலுவலகத்தில் இருந்தவர் சிங்களவர். நல்ல மனிதர், எனக்குத் தேநீர்கூட வாங்கித் தந்தார். அதுதான் எனக்கு இன்னும் கூடுதல் கோபம். கத்துவதற்கு ஒரு கெட்டவனாவது இருந்திருக்கலாம்.

"ஆள் வந்தா என்ன செய்றது?" என்று கேட்டேன்.

"வந்தா நல்லம்தானே நோனா."

"அது தெரியும். இந்தக் கடுதாசியை என்ன செய்றது? அதுக்கு என்ன போம் நிரப்புறது?"

அவர் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "அதுக்குப் போம் இல்ல நோனா" என்றார்.

அங்கிருந்து நேரே கடைக்கு வந்தேன். மேசையில் சேரின் அடுத்த குறிப்பு கிடந்தது. செத்தவர்களின் ஆவிகளை வீட்டில் இருந்து அனுப்புகிற சடங்கு. வீட்டுக்காரன் செருப்பில்லாமல் நடந்து, கறுப்பு அவரை விதைகளைப் பின்பக்கமாக எறிவான். என்னையும் என் ஆட்களையும் இதனால் மீட்கிறேன் என்று ஒன்பது தரம் சொல்வான். திரும்பிப் பார்க்கமாட்டான். ஆவிகள் பின்னால் வந்து அதைப் பொறுக்குமாம். அடிக்கும்போது என் கழுத்து கூசியது. நான் பொறுக்குகிறவளா எறிகிறவளா என்று தெரியவில்லை.

அதற்குக் கீழே ஒரு பந்தி. சேர் அதற்கு மேலால் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, "பரீட்சைக்கு வராது" என்று எழுதியிருந்தார். கீறினதற்கு ஊடாக வாசித்தேன். தூரதேசத்தில் செத்துவிட்டான் என்று தவறாகச் செய்தி வந்த ஒருவன் உயிரோடு திரும்பினால், அவனை வாசற்கதவால் உள்ளே விடமாட்டார்கள். அவன் கூரையில் ஏறி, கூரையால் உள்ளே இறங்க வேண்டும்.

அவ்வளவுதான். மூன்று வரி. நான் அதை அடித்தேன். வெட்டின பந்தி என்று தெரிந்துதான் அடித்தேன்.

இரண்டு நாளில் சேர் வந்து கத்தினார். அவர் போன பிறகு நானா என் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள, கண்ணு தெரியல்லயா ஒனக்கு? வெட்டினதெல்லாம் அடிச்சி வெச்சிரிக்கிறா."

"வெட்டினாப்போல அது நடக்கேல்லையோ நானா?"

"ரோமாபுரியில நடந்தத நீ ஏன் தலையில போட்டுக்கிற? அவன் கூரையால எறங்குவான், கெணத்தாலயும் எறங்குவான். நம்மளுக்கு என்ன?" சொன்னவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி சரி. புதுசா அடிச்சிக் குடு. பழசக் கொண்டுபோய் அடுப்புக்குப் போடு."

கொண்டுபோனேன். அதுதான் நான் விட்ட பிழை. மாமி எந்தக் கடுதாசியையும் வாசிக்காமல் எரிக்கமாட்டா. முகாம்களில் இருந்த காலத்தில் பிள்ளைகளைத் தேடிப் பெயர்ப் பட்டியல்கள் வாசித்து வாசித்து வந்த பழக்கம். பின்னேரம் நான் வரும்போது அடுப்பு மூட்டப்படவில்லை. மாமி பலகையில் இருந்தா. மடியில் அந்தப் பந்தி இருந்த தாள்.

"இதை ஏன் கொண்டந்தனீ?"

"எரிக்க."

"பொய் சொல்லாத. அவன் செத்தவனெண்டு கையெழுத்து வைச்சிட்டாய்."

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தா. நான் அழிக்கவில்லை. அழிக்கும் எண்ணமும் இல்லை.

"வீடு போயிருக்கும் மாமி" என்றேன். "நீங்களும் நானும் றோட்டில நிண்டிருப்பம். அவர் வந்தாலும் எங்க வாறது?"

"இப்ப மட்டும் எங்கால வருவான்? கதவால வர ஏலாதாம். நீதானே அடிச்சு வைச்சிருக்கிறாய்."

"அது ரோமன் சனம். எங்களுக்கு என்ன?"

"அவங்களாவது அதை யோசிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

அன்றிரவு சமையல் இல்லை. காலையில் நான் வேலைக்கு இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னா: "மேசனிட்டச் சொல்லு. நடுவில ஒரு கூரைச் சீற்றை ஆணி அடிச்சுப் பூட்ட வேண்டாமாம்."

மேசன் விசர் பிடித்தவளைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்தான். "அக்கா, கடற்களப்புக் காத்துக்கு அது பறந்து ஆரின்ரயும் கழுத்தை வெட்டும்" என்றான். நான் அவனோடு சண்டை பிடித்தேன். ஏன் என்று அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. கடைசியில் ஆணி அடிக்காமல் வைத்து, மேலே இரண்டு புளொக்கல்லைப் பாரமாக ஏற்றினான். "ஒரு ஆள் தள்ளினா அரக்கி விலகும்" என்றான் தானாகவே. அவனுக்கும் யாரோ காணாமல் போயிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இப்போது வீடு என் பெயரில் இருக்கிறது. அவர் செத்த ஆள் என்று அரசாங்கம் எழுதி, முத்திரை குத்தின கடுதாசி என் அலுமாரியில் இருக்கிறது. மாரியில் அந்தச் சீற்றால் தண்ணீர் ஒழுகும். மாமி அதற்குக் கீழே ஒரு பேசினை வைப்பா. நிறைந்ததும் நான் கொண்டுபோய் ஊற்றுவேன். கல் வைத்தால் காகத்துக்கு இருக்க இடம் என்று நாங்கள் யோசிக்கவில்லை. காலையில் வந்து அதில் குந்தும். நகம் சீற்றில் கீறும் சத்தம் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். மாமி தும்புத்தடியை எடுப்பதில்லை. சோறும் வைப்பதில்லை. என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டுவா.

சத்தம் நிற்கும்வரை இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்போம். வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.