பதினான்கு நிமிடத்துக்கு ஆறு கம்பு

போன சனிக்கிழமை, இரும்புலியூர் பக்கம் உள்ள அந்த மைதானத்தில் இருந்தவர்கள்: விளையாட வந்த பெண்கள் இருபத்து நான்கு பேர் — பன்னிரண்டு பேர் பெரும்பாக்கம் அணி, பன்னிரண்டு பேர் கடற்கரை ஊர்களின் அணி. கோச் சுமதி. விசிலோடு ஒரு ரெஃப்ரி. கொடியோடு ஒரு டச் ஜட்ஜ். மீன் கூடையை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு மகளின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்த ஓர் அம்மா. பந்து பக்கத்தில் வந்தால் எழுந்து, போனதும் படுத்துக்கொண்ட ஒரு நாய். அப்புறம் நான் — கையில் முதலுதவிப் பை, சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு படிவம்.

பந்தல் எல்லப்பன் அப்போது வரவில்லை. வந்த பிறகுதான் விவகாரமே.

முதலில் அந்தப் படிவம். என் மகள் பிரின்ஸி பிளஸ் டூ படிக்கிறாள். பெரும்பாக்கம் அணிக்கு ரக்பி ஆடுகிறாள், அவள்தான் கேப்டன். மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்வு செய்திருந்தார்கள். 'விளையாடும்போது காயம் ஏற்பட்டால் அதற்கு முகாம் பொறுப்பல்ல' என்று அதில் ஒரு வரி. அதன் கீழே பெற்றோர் கையொப்பம். கடைசி நாள் திங்கட்கிழமை.

நீங்களே சொல்லுங்கள்... இப்படி ஒரு வரிக்குக் கீழே எந்த அப்பனுக்குக் கை போகும்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினோமா என்று பார்க்க, செங்கல்பட்டு வரை போன ரயிலிலிருந்து இறங்கித் திரும்பி வந்தவன். லிஃப்டில் ஆட்களை எண்ணிய பிறகே காலை உள்ளே வைப்பவன். என் மனைவி மெர்சி அப்படியில்லை. டீச்சர். ஒரு நாளைக்கு நாற்பது பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற கை.

"நான் ஒரு செகண்ட்ல போட்டுக் குடுத்துடுவேன்," என்றாள். "ஆனா நீங்க போடாம அவ போனா, அங்க ஒவ்வொரு தடவை விழும்போதும் உங்க மூஞ்சிதான் அவளுக்கு ஞாபகம் வரும். அது ரொம்ப டேஞ்சர்."

பிரின்ஸி அதைவிடச் சுருக்கமாக முடித்தாள்.

"ஒரே ஒரு மேட்ச் முழுசா வந்து பாருங்கப்பா. பாத்த பிறகும் பயமா இருந்தா சைன் பண்ண வேணாம். நான் ரக்பியை விட்டுடறேன். சண்டை போட மாட்டேன்."

"முழுசான்னா எவ்வளவு நேரம்?"

"பதினாலு நிமிஷம்."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். இது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி; மீதி ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள். ஏழு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் இடைவேளை, மறுபடி ஏழு நிமிடம். பதினைந்து பேர் ஆடும் பெரிய ரக்பி எண்பது நிமிடமாம். அதைத் தேர்ந்தெடுக்காத மகளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பயந்தவன் என்ன செய்வான்? படிப்பான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அன்று படிக்காமல் விட்டதையெல்லாம் வட்டியோடு சேர்த்து, இரண்டு வாரம் ரக்பி விதிகளைப் படித்தேன்.

விசித்திரமான ஆட்டம். பந்து உருண்டையாக இருக்காது; முட்டை வடிவம், தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் இன்னொருத்திக்குக் கையால் கொடுப்பதென்றால் பக்கவாட்டில் அல்லது பின்னால்தான் கொடுக்க வேண்டும். முன்னேறுவதற்காகப் பின்னால் கொடுப்பது... எங்கள் ஏரியாவில் சாலை போடுகிறவர்கள் கண்டுபிடித்த விதியோ என்று நினைத்தேன்.

பந்து வைத்திருப்பவளைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். தோளுக்கு மேலே கை போகக் கூடாது. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி. அதற்குப் பெயர் 'ட்ரை'. ஆதிகாலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாதாம். பந்தைக் கம்புகளுக்கு நடுவே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தருவார்கள், அவ்வளவுதான். இப்போது அந்த உதைக்கு இரண்டு புள்ளி.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். அதுவும் 'சார்' போட்டு. எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்டில் வீடுகள் ஐம்பத்திரண்டு. சங்கக் கூட்டத்தில் கேப்டன்களும் ஐம்பத்திரண்டு.

சரித்திரமும் படித்தேன். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினானாம்; அங்கே பிறந்ததாம் ரக்பி. இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறார்கள். நம்மூரில் அந்தப் பையன் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால்? டி.சி. கிடைத்திருக்கும். அதைவிடச் சின்னக் குற்றத்துக்கு எனக்குக் கிடைத்தது.

இன்னொன்று. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தி, ஆள் சேராமல் மூடினார்கள். வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, கோப்பை செய்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன. ஒரு கிளப்பை இவ்வளவு கௌரவமாக மூட முடியுமா? எங்கள் சங்கமாக இருந்தால் அந்த ரூபாய் கோர்ட்டில் இருக்கும்.

சரி, கம்புக்கு வருகிறேன். ரக்பிக்கு H எழுத்து மாதிரி கோல் கம்பம் வேண்டும். மைதானத்தில் இல்லை. இரும்புக் குழாய் நடலாம் என்றார் கோச் சுமதி. "ஐயோ, இரும்பு வேணாம், மோதினா மண்டை என்ன ஆகறது?" என்று குறுக்கே விழுந்தவன் நான். சவுக்குக் கம்பு போதும் என்று பந்தல் எல்லப்பனைப் பிடித்ததும் நான். பக்கத்துக்கு மூன்றாக (நிற்க இரண்டு, குறுக்கே ஒன்று) ஆறு கம்பு, கயிறு, நடுகூலி — தொள்ளாயிரம் ரூபாய். பெண்கள் ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்தார்கள். பாக்கி நானூறுக்கும், மாலை நான்கு மணிக்குள் கம்பு திரும்புவதற்கும் ஜாமீன்... வேறு யார்?

மூன்று மணி ஆட்டம். ஆனால் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமே. "ரெண்டே ஓவர்ணா" என்றார்கள். அந்த இரண்டு ஓவர் ஐம்பது நிமிடம் நடந்தது.

அதற்குள் இன்னொரு டச் ஜட்ஜ் வரவில்லை என்று தெரிந்தது. பக்கக் கோட்டில் கொடியோடு நிற்க இரண்டு பேர் வேண்டும். கோச் சுமதி என்னிடம் வந்தார்.

"சார், நீங்க எப்படியும் கோட்டு மேலயே நடந்துகிட்டு இருக்கீங்க. விதியெல்லாம் என்னைவிட நல்லாத் தெரியுது. இந்தாங்க."

கொடி என் கைக்கு வந்தது.

விசில். அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? எதிரணியில் நந்தினி என்று ஒரு பெண். மீன் கூடை அம்மாவின் மகள். பிரின்ஸி பந்தோடு ஓடினாள். நந்தினி பக்கவாட்டில் வந்து இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். என் மகள் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்து விழுந்தது.

பல்! மொத்தப் பல்லும்!

கொடியைப் போட்டுவிட்டு முதலுதவிப் பையோடு உள்ளே ஓடினேன். பிரின்ஸி அதைப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, திரும்ப வாயில் மாட்டிக்கொண்டாள். பல்லுக்கு மாட்டும் ரப்பர் உறை, மவுத் கார்டு.

"அப்பா, வெளியே போங்க. ஃபவுல் ஆயிடும்."

வேலியோரம் அந்த அம்மா சிரித்தார். "இன்னா சார் இப்டி பயப்படுறே? எம்பொண்ணு புடிச்சா வலிக்காது. கடல்ல வலை இழுத்த கை, பதமாத்தான் புடிக்கும்."

பதமாகவாம். இடைவேளையில் 12–5, நாங்கள் பின்னால். நான் முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து கிடையாது.

அப்போதுதான் ஒரு குட்டியானை வண்டி மைதானத்துக்குள் நுழைந்தது. எல்லப்பன்.

"இன்னா சார், நாலு மணின்னு சொன்னியே! இன்னும் ஆடிகினு கீறாங்க? ராஜகீழ்ப்பாக்கத்துல காதுகுத்து, பந்தல் போடணும். ஆறு மணிக்கு ஜனம் வந்துடும்."

"ஏழே நிமிஷம் எல்லப்பன்."

"மொத்தம் எத்தினி நிமிசம் ஆட்டம்?"

"பதினாலு."

"பதினாலு நிமிசத்துக்கா ரெண்டடி பள்ளம் தோண்டி ஆறு கம்பு கட்டினேன்? பேஜாரா போச்சு சார் உன்னோட!"

அவர் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. ஜாமீன் நான். வாக்குக் கொடுத்தவன் நான். ஒரு கம்பு விழாமல் இருக்க, அதை வெளிப்பக்கமாக இழுத்து ஒரு முளையில் கயிறு கட்டியிருந்தார்கள். அவரைச் சமாதானப்படுத்த ஏதாவது செய்தாக வேண்டுமே...

"இதோ பாருங்க, வேலையை நானே ஆரம்பிச்சு வைக்கறேன். விசில் அடிச்சதும் உருவிக்கலாம்," என்று குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்தேன்.

ஒரே ஒரு முடிச்சு. கம்பு அசையவில்லை. எல்லப்பனும் அடங்கினார்.

இரண்டாம் பாதி. கடைசி நிமிடம் வரை எதுவும் நடக்கவில்லை. பிறகு பிரின்ஸி வலது மூலையில் நந்தினியை ஏமாற்றிக் கோட்டைத் தாண்டிப் பந்தை அழுத்தினாள். 12–10. இனி அந்த உதை மட்டும்தான். உள்ளே போனால் சமன், கூடுதல் நேரம். போகாவிட்டால் தோல்வி.

உதைப்பவளும் பிரின்ஸிதான். அப்போது டச் ஜட்ஜுகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்பின் பின்னால் நின்று, பந்து உள்ளே போனால் கொடியைத் தூக்க வேண்டும். என் கம்பு எது என்று கேட்கிறீர்களா? அதேதான்.

பந்தைக் கையிலிருந்து விட்டாள். தரையில் பட்டு எழும்பியதும் உதைத்தாள். அதே நேரம் மைதானத்தை ஒட்டிய ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று. கம்பின் உச்சி உள்பக்கமாக ஒரு முழம் சாய்ந்தது. பந்து அதற்கு வெளியே போனது — நேராக நின்றிருந்தால் உள்ளே போயிருக்கும் இடத்தில்.

ஏன் சாய்ந்தது என்று எனக்குத் தெரியும்.

கொடியைத் தூக்கினால், மகளுக்காகத் தூக்கினான் என்பார்கள். நிற்கிற கம்புக்குப் பந்து வெளியே போனதும் உண்மை. விதிப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. டச் ஜட்ஜே முடிச்சை அவிழ்த்திருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. கொடி கீழேயே இருந்தது. வாயும் திறக்கவில்லை.

பிரின்ஸி ரெஃப்ரியிடம் போனாள். "சார், கம்பு சாஞ்சிருக்கு சார். முன்னாடி நேரா இருந்துச்சு."

"கொடி ஏறலையேம்மா."

அவள் கம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஓகே சார்," என்றாள்.

முடிந்தது. அரை நிமிடம் பிந்தினால் ஆட்டோக்காரரிடம் சண்டை போடுகிற வீட்டில் பிறந்தவள்! தோற்ற பெண்கள் இரண்டு வரிசையாக நின்று, ஜெயித்தவர்கள் நடுவே போகக் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் ஒரே பையிலிருந்து சமோசா எடுத்தார்கள். நந்தினி தன் பாதியைப் பிரின்ஸிக்குக் கொடுத்தாள். பக்கவாட்டில்தான் கொடுத்தாள்.

நான் தூரத்தில் நின்றேன். சொல்லிவிடலாமா? வீட்டில் போய்ச் சொல்லலாமா? சொல்லாமலே...

கோச் சுமதி எனக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. "என்ன எல்லப்பண்ணா, கம்பை ஒழுங்கா நட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

எல்லப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "என் கம்பா? நான் போட்ட பந்தல் புயல்ல நின்னுது மேடம்! இந்த சார் தாம்மா முடிச்ச அவுத்தாரு!"

இருபத்து நான்கு பெண்களும் திரும்பினார்கள். நாய்கூடத் திரும்பியது.

"ஏன்ப்பா?" என்றாள் பிரின்ஸி.

"அவர் கத்தினாரும்மா... பயந்துட்டேன்."

அவள் ரெஃப்ரியிடம் கை நீட்டி மஞ்சள் கார்டை வாங்கி, என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். ஏழு பேர் ஆட்டத்தில் மஞ்சள் கார்டு என்றால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். நான் போய் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எல்லப்பனுக்குத் தொழில் மானம் பொறுக்கவில்லை. காதுகுத்தை மறந்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். கம்பு நிமிர்ந்தது. "இப்ப அடி பாப்பா. எல்லப்பன் கம்பு எப்டி நிக்குதுன்னு பாக்கட்டும் எல்லாரும்."

"அடிக்கா," என்றாள் நந்தினி. "கணக்குல வராது. சும்மா."

பிரின்ஸி அதே இடத்திலிருந்து உதைத்தாள். பந்து கம்பிலிருந்து பத்தடி தள்ளி, குட்டியானையின் மேல் போய் விழுந்தது. முதலில் சிரித்தவள் அவள்தான்.

இரண்டு நிமிடம் முடிவதற்குள் எனக்கு ஒரு கணக்கு முடிந்திருந்தது. பதினான்கு நிமிடத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் எழுந்தார்கள்! அன்று அந்த மைதானத்தில் நடந்த ஒரே விபத்து, பயத்தில் நான் அவிழ்த்த முடிச்சு.

எல்லப்பன் காதில் செருகியிருந்த பேனாவை வாங்கி, குட்டியானையின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. அதனாலென்ன... பேங்கில்தானே கையெழுத்து ஒத்துப்போக வேண்டும்?

பேனாவைத் திரும்ப வாங்கிய எல்லப்பன் அதாலேயே பில் எழுதினார். கம்பு வாடகை பாக்கி நானூறு. சார் அவுத்த முடிச்ச மறுபடி கட்டின கூலி ஐம்பது. ஆக, நான் இன்னும் தர வேண்டியது நானூற்று ஐம்பது ரூபாய்.